ஞாயிற்றுக்கிழமையில் மோதிய கோலி

மாமா,

நேற்று தொழிற்சாலை வாசலில் ஒரு கோலி சோடா குடித்தேன். கடைக்காரர் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். டப். கோலி உள்ளே இறங்கியது, கேஸ் மூக்கில் ஏறியது, ஈர ரப்பர் வாசனை வந்தது. பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் அதுவரை போனஸ் பற்றி, மழை பற்றி, தன் மச்சினனுக்கு ஒரு வேலை போட்டுத் தர முடியுமா என்பது பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் 'ஊம்' கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த 'டப்'பில் மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. "கேஸ் ஜாஸ்தியா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். அழுத்தம் அளக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அந்த பாட்டிலில் கேஸ் குறைச்சல் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

எனக்குக் கடிதம் எழுத வராது. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதத் தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் சொல்லும்போதெல்லாம் அதை உங்கள் பக்கம் சாய்த்துச் சொல்வீர்கள். இப்போது குறுக்கே பேச நீங்கள் இல்லை. வசதியாக இருக்கிறது. அவ்வளவு வசதியாகவும் இல்லை.

ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுவெடிச் சோதனை நடந்ததாகப் பேப்பரில் வந்த வருஷம் அது. நான் படிப்பு முடித்து அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமை தோறும் காஞ்சிபுரம் வந்துகொண்டிருந்தேன். டீக்கடை, சலூன், தறி நூலை நீட்டிக் கட்டிப் பாவு தோய்கிற தெருமுனை, எங்கே போனாலும் அணு. அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதிகமாகப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். உங்கள் வீட்டில் மட்டும் பாட்டில் வெடிக்கும். தாத்தாவின் தறியை விற்று சோடா மெஷின் வாங்கிய ஆள் நீங்கள். "நூல் அறுந்தா குனிஞ்சி முடி போடணும். பாட்டில் உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுக்கலாம்" என்பீர்கள். ஆனால் உடைந்த பாட்டிலின் கோலியை மட்டும் தூக்கிப் போட மாட்டீர்கள். ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தீர்கள். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்டா, இன்னா சோறா கேக்குது?"

அத்தை போன பிறகு உங்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் முடிவு சொல்கிறவர் நீங்கள். அம்மா உங்களுக்கு மூத்தவள், 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் உங்களைக் கேட்காமல் ஒரு குக்கர்கூட வாங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர மாட்டீர்கள். காலி பாட்டில் எடுக்கப் போகிறேன் என்று சைக்கிளோடு கிளம்பிவிடுவீர்கள். சாயங்காலம் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து, "மோர் சாதம் போதும்கா" என்பீர்கள். கடுமையான உழைப்பாளி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டீர்கள்:

"ஏன்டா மாப்ள, பொளக்கிறான் பொளக்கிறான்றாங்களே, அந்த அணுக்குள்ள இன்னாதான்டா இருக்குது?"

"மொதல்ல ஒரு விஞ்ஞானி, அது நம்ம கோயில் இட்லி மாதிரின்னு நெனச்சாரு மாமா. மாவு பூரா நேர் மின்சாரம். அங்கங்க பதிஞ்சிருக்கிற மிளகுதான் எலக்ட்ரான்."

"நல்ல மனுஷன். அப்புறம்?"

"அவர்கிட்ட படிச்சவரே அது தப்புன்னு காட்டிட்டாரு."

"அதானே பாத்தேன்."

தங்கத்தை ஜரிகைத் தகட்டைவிட மெல்லிசாக அடித்து, ஆல்ஃபா என்ற துகளை அதன்மேல் சுட்டுப் பார்த்ததைச் சொன்னேன். உள்ளே இட்லி மாதிரி இருந்தால் எல்லாத் துகளும் நேராகப் புகுந்து போய்விட வேண்டும். அநேகமாக எல்லாம் போய்விட்டன. சில மட்டும் வழி விலகின. மிக மிக அபூர்வமாக ஒன்று, சுட்டவன் பக்கமே திரும்பி வந்தது.

"இட்லில பட்டா?"

"இட்லில பட்டு துப்பாக்கிக் குண்டு திரும்பி வருமா மாமா? அதனாலதான் இட்லி இல்லன்னு ஆச்சு. உள்ள முக்கால்வாசிக்கு மேல வெறும் இடம். நடுவுல பொடிசா, கனமா ஒரு கரு. வரதராஜர் கோயில் மதில் மொத்தமும் ஒரு அணுன்னு வெச்சிக்கங்க. கரு நடுவுல கெடக்கிற ஒரே ஒரு மிளகு."

"மீதி?"

"காலி."

"கோயில் பூரா காலியா? சேவிக்க வந்தவங்க?"

"அவங்கதான் எலக்ட்ரான். பிராகாரத்துல சுத்திக்கினு இருப்பாங்க."

சக்கரம் நின்றுவிட்டது. "அப்ப உன் பொண்டாட்டிக்குன்னு அக்கா எடுத்து வெச்சிருக்கிற செயின் பூரா வெறும் இடம்."

"ஆமா."

"அத அக்காகிட்ட நீயே சொல்லு."

உங்களுக்கு வாயால் சொன்னால் போதாது, கையால் பார்க்க வேண்டும். அது எனக்கும் பிடித்த குணம்தான். ஒரு பலகையை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டேன், கீழே ஒரு விரல் சந்து மட்டும் விட்டு. உள்ளே நடுவில் ஒரு பொருளை வைத்தேன். "குனிஞ்சி பாக்கக் கூடாது. கோலியை உருட்டுங்க. எங்க போவுது, எங்க திரும்புதுன்னு பாத்து, உள்ள இன்னா இருக்குதுன்னு கண்டுபிடிங்க."

உங்கள் பிஸ்கட் டின்னுக்கு அன்றைக்குத்தான் விமோசனம். சோடா கேட்டு வந்தவர்களை எல்லாம் "நாளைக்கு வா, ஆராய்ச்சி நடந்துக்கினு இருக்குது" என்று திருப்பி அனுப்பினீர்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, நாலு பக்கமிருந்தும் உருட்டினீர்கள். நேராக வெளியே வந்த பாதைகளைப் பலகை மேல் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். கோடு விழாத இடம் ஒன்று நடுவில் மிச்சம் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், என்னோடு படித்த பாதிப் பேர் லேபில் இந்த அளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

"தோ, இந்த எடத்துல. உருண்டையா, இம்மாம் பெரிசு. பித்தளைச் செம்பு."

பலகையைத் தூக்கினேன். சரியாக அந்த இடத்தில், சரியாக அந்த அளவில், ஒரு எடைக்கல் இருந்தது.

"செம்புன்னு எப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னாத்த வெக்கப்போற நீ?"

"மாமா, எங்க இருக்குதுன்னு கோலி சொல்லும். எவ்ளோ பெரிசுன்னு சொல்லும். இன்னான்னு சொல்லாது."

"உனக்குச் சொல்லாது" என்றீர்கள்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குச் சொன்னேன். கோலி முட்டித்தான் திரும்புகிறது, ஆனால் ஆல்ஃபா கருவைத் தொடுவதே இல்லை. கருவிலும் நேர் மின்சாரம், ஆல்ஃபாவிலும் நேர் மின்சாரம். கிட்டே போனதும் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். "ஒரே வார்டுக்கு நிக்கிற ரெண்டு பேரு மாதிரி" என்றீர்கள். ஆமாம் என்றேன். அதோடு அதை மறந்துவிட்டீர்கள். மறக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் அந்த மாசமே விமலாவின் போட்டோ வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். பெண் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ், பெண்கள் பள்ளியில் டீச்சர். போட்டோகிராபர் சிரிக்கச் சொல்லியிருப்பார் போல, 'எதற்கு?' என்று கேட்கிற முகத்தோடு இருந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. "சரி, எப்ப கல்யாணம்?" என்றேன்.

"இது இன்னா சோடாவா, உடைச்ச உடனே குடிக்க?" என்றீர்கள். "விசாரிக்கணும்டா."

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வரன் கொண்டுவந்தவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வீடு சுத்த சைவமா இருக்கணும்." அவர்களும் "சைவம்தான்" என்று பதில் அனுப்பிவிட்டார்கள். மீதி விசாரணை உங்கள் பொறுப்பு. நீங்கள் சரி என்றால் அம்மா சரி என்பாள். நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது. நல்ல நாள் என்று ஒரு வியாழக்கிழமை நான் லீவு போட்டு, பெண் பார்க்கப் போகிற வழியில் என் தோளைத் தட்டி, "நீ சொல்லிக்கொடுத்த அதே மாதிரிதான். நேராக் கேட்டா எவன் சொல்வான்? கேள்விய கோலி மாதிரி உருட்டுறேன் பாரு" என்றீர்கள். அப்போதே நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஜமக்காளம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, விமலா வந்தாள், காபி கொடுத்தாள், என்னை ஒரு முறை நேராகப் பார்த்தாள், உள்ளே போனாள். நீங்கள் உருட்ட ஆரம்பித்தீர்கள்.

"கிணத்துத் தண்ணி எப்படி, உப்பா?"

"நல்ல தண்ணிங்க" என்றார் அவள் அப்பா. நேராகப் போனது.

"வம்சத்துல சக்கரை வியாதி உண்டா?"

"இல்லீங்க." நேராக.

"பங்காளிங்க தகராறு?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க."

"பொண்ணு குறட்டை விடுமா?"

"டேய்" என்றாள் அம்மா.

"ச்சும்மா கேக்குறேன்கா. சரி, ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுல எல்லாரும் இன்னா பண்ணுவீங்க?"

அவள் அப்பா கையிலிருந்த பஜ்ஜி மடியில் விழுந்தது. உள்ளே ஏதோ பித்தளை சாமான் உருண்டது. தறி ஓரம் உட்கார்ந்திருந்த அவள் பெரியப்பா எழுந்து, எதற்கு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமையா? ஏன் கேக்குறீங்க?"

நீங்கள் என் விலாவில் முழங்கையால் குத்தினீர்கள். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு பக்கமிருந்து உருட்டினீர்கள். "இல்ல, போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்தப் பக்கமா காலி பாட்டில் எடுக்க வந்தேன். உங்களப் பாத்த மாதிரி இருந்துச்சு."

"நானா? நான் எங்கயும் வரலீங்களே!" அவர் நெற்றியில் வேர்வை. உங்களை அவர் பார்த்த பார்வையில் பயம் பாதி, கோபம் பாதி. எனக்கு அது விளங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா! கேட்டது எல்லாம் பூந்து போச்சி. ஞாயித்துக்கிழமைல மட்டும் டங்குன்னு மூஞ்சிக்கே திரும்புது! ரெண்டு பக்கத்துல இருந்து உருட்டியும் அதே எடம்! கரு அங்கதான்டா இருக்குது!"

"இருக்குது மாமா. ஆனா இன்னான்னு..."

"நாடகம்" என்றீர்கள்.

"என்னது?"

"பொண்ணு ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் போயி நாடகத்துல நடிக்குது. மூஞ்சில பவுடர் பாத்தியா?"

"பொண்ணு பாக்கும்போது எல்லாருந்தான் போடுவாங்க."

"இது நாடகப் பவுடர்டா. அந்த காபியக் குடுத்துட்டு ஒரு பார்வை பாத்துச்சே, வசனம் மறந்த மாதிரியா இருந்துச்சு? நல்லா பழகின பார்வை."

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பினாள். "நெஜமாவாடா?"

"விஞ்ஞான முறைப்படி கண்டுபிடிச்சதுக்கா. மாப்ளதான் சொல்லிக்குடுத்தான்."

ஒரு ஜென்மத்தில் இதைவிட அபாண்டம் என் மேல் விழுந்ததில்லை. அம்மா, "அப்ப வேணாம்பா. நாளைக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்கு இன்னொரு நாள் லீவு சொல்லிவிட்டு, நேராக விமலாவின் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். உருட்டுகிற பொறுமை எனக்கு இல்லை. குடையும் பரீட்சைப் பேப்பர் கட்டுமாக வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல இன்னா நடக்குது?" என்றேன்.

"வணக்கம்" என்றாள் அவள்.

"வணக்கம். இன்னா நடக்குது?"

"ஆட்டுக்கறி" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் ரசமும் வெப்போம்." பேப்பர் கட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "சைவம்னு சொல்லி அனுப்புனது எங்க பெரியப்பா வேலை. எனக்கு அது புடிக்கல. கல்யாணம் ஆனாலும் நான் கறி சாப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன். ஆனா தெரிஞ்சிக்கினே வந்து உக்காந்து உங்க மாமா எங்கப்பாவ அப்படிக் கிண்டல் பண்ணியிருக்க வேணாம்."

"கிண்டலா? அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஸ்கேட்டரிங் பரிசோதனைன்னு நான் ஒண்ணு சொல்லிக்குடுத்தேன். அதத்தான் உங்க வீட்டுல பண்ணிப் பாத்தாரு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாசலில் நின்ற மற்ற டீச்சர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "ஆல்ஃபா ஏன் திரும்புச்சுன்னு சொல்லிக்குடுத்தீங்களா?"

"ரெண்டுலயும் ஒரே சார்ஜ்."

"அதேதான். எங்கப்பா போன ஞாயித்துக்கிழமை கறி வாங்கிக்கினு வரும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிலிட்டரி ஓட்டல்ல உங்க மாமாவப் பாத்தாரு. உங்க மாமா பாக்கல. தலை இலையைவிட்டு எழும்பவே இல்லையாம். இப்ப அவரே வந்து ஞாயித்துக்கிழமை இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டா, எங்கப்பாவுக்கு எப்படி இருக்கும்?"

காலி பாட்டில். வெற்றிலை. மோர் சாதம். எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

அங்கிருந்து சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தேன். நீங்கள் பாட்டிலில் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, நிதானமாக உருட்டினேன்.

"கேஸ் சிலிண்டர் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு."

"ரப்பர் வளையம் இருக்குதா?"

"இருக்குது."

"மிலிட்டரி ஓட்டல்ல ஞாயித்துக்கிழமை தலைக்கறி நல்லா இருக்குதாமே?"

உங்கள் கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்து வெடித்தது. கோலி சிதறி ஓடி, சுவரில் முட்டி, உங்கள் காலடிக்கே திரும்பி வந்தது. நான் ஏற்பாடு செய்யவில்லை, மாமா, அதுவாக நடந்தது.

"எவன்டா சொன்னது?" என்றீர்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எடைக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டீர்கள். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் கறியை நிறுத்தச் சொன்னதும், அம்மா உங்களைப் பிள்ளையார் முன்னால் நிற்க வைத்துக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியதும் எனக்கும் தெரியும். அந்தச் சத்தியத்தை நீங்கள் வாரத்தில் ஆறு நாள் காப்பாற்றி வந்தீர்கள் என்பதுதான் தெரியாது.

"அக்காகிட்ட நாடகம் இல்லன்னு சொல்லிடுறேன்டா. அது போதும்ல?"

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"யாரோ சொன்னாங்கன்னு சொல்றேன்."

"ஆரு சொன்னாங்கன்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமைல வேற இன்னாதான் இருக்குதுன்னு கேப்பாங்க. மாமா, ஆதாரம் வேணும். ஆதாரம் நீங்கதான். சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்."

"நீ இன்னாடா, போலீஸ் மாதிரி பேசுற" என்றீர்கள். உடைந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள். "அக்கா என்கூட பேசாம பூட்டா இன்னாடா பண்ணுவேன்?" என்று ஒரு முறை கேட்டீர்கள். நானும் குனிந்து கண்ணாடி பொறுக்கினேன்.

சாயங்காலம் வந்தீர்கள். புதுச் சட்டை. நெற்றி நிறைய விபூதி. கையில் அம்மாவுக்குப் பிடித்த பன்னீர் சோடா. அம்மா இட்லித் தட்டை உங்கள் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இந்த அணு இருக்குது பாரு..."

"இட்லி ஆறுது. விஷயத்தச் சொல்லு."

"விஷயமே அணுலதான்கா இருக்குது. மொதல்ல அது இட்லி மாதிரின்னு நெனச்சாங்களாம்." இட்லியைக் கையில் எடுத்துக் காட்டினீர்கள். தங்கத் தகட்டைச் சொன்னீர்கள், ஆல்ஃபாவைச் சொன்னீர்கள், கோயில் மதிலையும் மிளகையும் சொன்னீர்கள். பயத்தில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "திரும்பி வருதுன்னா, அடிக்கிறதுலயும் அதே சார்ஜு, அடிபடுறதுலயும் அதே சார்ஜுக்கா. நான் ஞாயித்துக்கிழமைன்னு கேட்டேன். அது திரும்பிச்சு. ஏன் திரும்பிச்சு?"

"ஏன்?"

இட்லி உங்கள் கையில் நசுங்கிப்போயிருந்தது. "அவங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை கறிக்கா. நாடகம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தப் பொண்ணு தங்கம்."

"கறின்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

இந்த இடத்தில் நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்வீர்கள் என்றுதான் நினைத்தேன். அடுப்படி வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அந்தப் பொண்ணோட அப்பா என்னப் பாத்துட்டாருக்கா. ஓட்டல்ல. நான் சாப்பிட்டுக்கினு இருந்தேன்."

அம்மா பன்னீர் சோடாவை எடுத்து, கட்டைவிரலால் ஒரே அமுக்கு. டப். ஒரு வாய் குடித்தாள்.

"வாரா வாரம் ஏலக்கா, கிராம்பு, ரெண்டு வெத்தல போட்டு மென்னுக்கினு வந்து மோர் சாதம் கேட்டா, காலி பாட்டில் தூக்குன களைப்புன்னு நெனச்சிக்குவேனா? எனக்கு மூக்கு இல்லையா?"

"அக்கா..."

"எதுக்குடா சைவ வீடா பாருன்னு சொன்னேன்? எனக்கா? நான் போயி அங்க சாப்பிடப்போறேனா? விருந்து, விசேஷம்னு வாரத்துக்கு ஒருதரம் அந்த வீட்டுல போயி உக்காரப்போறவன் நீ. ஓட்டல்லதான் தடுக்க முடியல, அங்கயாவது உனக்குக் கறி கெடைக்காம இருக்கட்டும்னு ஒரு ஊரு பூரா தேடி சைவ வீடு கேட்டேன். நீ போயி கறி திங்கிற வீட்ட விஞ்ஞான முறைப்படி கண்டுபிடிச்சிக்கினு வந்து நிக்கிற."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னைத் திட்டினாள். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"எழுந்து கைய கழுவு" என்றாள் அம்மா உங்களிடம். "இட்லிய ஏன் அந்தப் பாடு படுத்துற? அந்தப் பொண்ணையே முடிச்சிடலாம். நான் சொன்னா நீ கேக்கல. அது டீச்சராச்சே, அது சொன்னா கேப்ப."

அம்மா சொன்னபடியே ஆனது. கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்பத்தூருக்கு வந்துவிடுவீர்கள். அடுப்பு விமலாவின் கட்டுப்பாட்டில். உங்கள் இலையில் ரெண்டே துண்டு விழும். "இன்னாம்மா இது, கோயிலுக்குள்ள மிளகு மாதிரி? மீதி இலை பூரா வெறும் இடமா இருக்குதே" என்பீர்கள். "அணு அப்படித்தான் இருக்கும் மாமா" என்று அவள் ரசத்தை ஊற்றுவாள். ஓட்டலை நிறுத்திவிட்டீர்கள். நிஜமாகவே நிறுத்தினீர்கள்; விமலாவின் அப்பா ஞாயிறு தோறும் அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியும் போன வருஷம், ஒரு கடை வாசலில் சோடாப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்பா" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து உங்கள் வீட்டைக் காலி செய்யப் போனபோது, அந்தப் பலகை இன்னும் நாலு செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. சாக்குகூட அப்படியே. விமலா டின்னிலிருந்து ஒரு பச்சைக் கோலியை எடுத்து உருட்டினாள். நேராக அந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் நாலு பக்கமிருந்தும் உருட்டினேன். எல்லாம் வந்துவிட்டன. உள்ளே ஒன்றும் இல்லை. சாக்பீஸ் கோடு மட்டும் இருந்தது. அந்தப் பச்சைக் கோலியைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது என் கருவிப் பெட்டியில், ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே கிடக்கிறது. ஒரு மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது கத்திக்கொண்டு வந்தால், பெட்டியைத் திறக்கும்போது அது உருளும். மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், அதில் நாம் சொருகிய கம்பியைச் சந்தேகப்படு என்று எனக்கு ஞாபகம் வந்துவிடும். இன்ஜினியரிங் படிப்பில் இது எனக்கு ஏறவில்லை. உங்கள் மூஞ்சிக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் ஏறியது.

நேற்று ஃபோர்மேன் அவ்வளவு பேசியும் எல்லாம் என் வழியாக நேராகப் போய்விட்டன. அந்த சோடாவின் 'டப்' மட்டும் திரும்பி வந்தது. ஆக, உள்ளே ஏதோ இருக்கிறது. எங்கே என்று தெரிகிறது, எவ்வளவு பெரிசு என்றும் தெரிகிறது. இன்னது என்று சொல்லத்தான் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் உடனே ஒரு பெயர் சொல்லியிருப்பீர்கள். தப்பாகத்தான் சொல்லியிருப்பீர்கள்.

இன்று ஞாயிறு. உங்கள் வருஷத் திதி. அம்மா இங்கேதான் இருக்கிறாள். விமலா கறியை அடுப்பிலிருந்து இறக்கி, படையல் இலையில் வழக்கம்போல ரெண்டு துண்டு வைத்தாள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. இலையைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா. இலை பூரா போடு" என்றாள். "இனிமே டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வெறும் இடம் ஒரு விரல்கூட இல்லை, மாமா. சாப்பிடுங்கள்.